ரௌட்டரில் கேபிள் செருகும் நான்கு போர்ட்டுகளும் நிறைந்துவிட்டன. இன்னும் ஐந்து கணினிகளுக்குக் கேபிள் இணைப்பு தருவது எப்படி?

ஒரு 8 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் போதும். ஒரு கேபிள் இணைப்பைப் பல கணினிகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி அது; கிகாபிட் என்பது 1000 எம்பிபிஎஸ் வேகம். ரௌட்டரில் செருகியுள்ள கேபிள்களில் ஒன்றைக் கழற்றி ஸ்விட்சில் மாட்டி, காலியான போர்ட்டிலிருந்து ஸ்விட்சுக்கு ஒரு கேபிள் கொடுத்துவிட்டால், இடம் மாறிய கணினியும் புதியவை ஐந்தும் போக ஒரு போர்ட் மிஞ்சும். ஒரே கேபிளின் இரு முனைகளையும் அதே ஸ்விட்சில் யாரும் செருகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண ஸ்விட்சுகளில் அது அலுவலகம் முழுவதையும் முடக்கிவிடும்.

ஏமாற்று நடப்பது கேபிளில்தான் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நான் கணக்குப் பார்க்கும் ஜவ்வரிசி மண்டியில், டேலி கணக்கு மென்பொருளின் தரவு முன்னறைக் கணினியில் இருக்கிறது. கிடங்கை ஒட்டிய அறையில் பில் போடுபவர் அதை லேன் வழியாக, அதாவது அலுவலகத்துக்குள்ளான கேபிள் இணைப்பு வழியாகத் திறப்பார். புதுக் கேபிள் இழுத்த பிறகு அந்த அறையில் மட்டும் இணைப்பு அடிக்கடி துண்டித்துப்போய், பாதி போட்ட பில்லை மறுபடி போட வேண்டியிருந்தது. கேபிள் போட்டுக் கொடுத்தவர் இன்டர்நெட் பிளானை உயர்த்தச் சொன்னார். ஒரே அலுவலகத்துக்குள் கணினிக்குக் கணினி போகும் தரவுக்கும் இன்டர்நெட் வேகத்துக்கும் தொடர்பே இல்லை என்பதால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. மீந்து கிடந்த கேபிள் துண்டை உரித்து, ஒரு கம்பியை பிளேடால் சுரண்டினேன். செம்பு நிறம் பெயர்ந்து, உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. பில்லில் இருந்ததோ ‘பியூர் காப்பர்’. வெள்ளிக் கொலுசை உரசிப் பார்த்து வாங்கும் இதே தெருக்களில் கேபிளை மட்டும் யாரும் சோதிக்காமல் வாங்குவது எனக்கு மிகுந்த வருத்தம்.

அலுமினியத்துக்கு மின்தடை அதிகம், வளைத்தால் எளிதில் முறியும். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கும், அல்லது இணைப்பே போய்விடும். முழுச் செம்பாலான கேட் 6 வகைக் கேபிளை இழுத்த பிறகு அந்தத் தொல்லை நின்றது.

வைஃபை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கைப்பேசிக்கு அது போதும், மறுக்கவில்லை. பலர் ஒரே கணக்கில் பதியும் இடத்தில், தடித்த சுவரையும் இரும்பு ஷட்டரையும் தாண்டி வரும் சிக்னலை நம்ப நான் தயாராக இல்லை.

கேபிளின் நீளம் 100 மீட்டருக்குள் இருக்கட்டும். ஏற்காட்டு எஸ்டேட்டுகளைப்போல ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு வெளியே இழுப்பதானால், மின்னல் அடித்தால் செம்புக் கேபிள் ஆபத்து. அந்தத் தூரத்துக்கு மட்டும் ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழைக் கேபிள் போடுங்கள்.