மாணவனிடம் "தெரியாது" என்று சொல்லலாமா?

கேள்வி: எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 43-ஐ 47-ஆல் பெருக்கச் சொன்னால், ஒரு மாணவன் பேனாவைத் தொடாமலே 2021 என்கிறான். வழி கேட்டால், "நாலஞ்சு இருபது, மூவேழு இருபத்தொண்ணு, அவ்வளவுதான் டீச்சர்" என்கிறான். ஏன் அப்படி வருகிறது என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. வகுப்பில் "தெரியாது" என்று சொன்னால் மரியாதை போய்விடாதா?
- வாசகி, திருவண்ணாமலை

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள், டீச்சர். தன் பாடத்தில் பிடிப்பு உள்ளவருக்குத்தான் அந்த வார்த்தை கூசாமல் வரும். கணக்கு வாத்தியாராகவே காலம் கழித்தவன் நான். எனக்கு ஆதர்சம், கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி.

1913 ஜனவரியில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி அப்போதே பெரிய பெயர். அந்தக் கடிதத்தில் இருந்த சில சூத்திரங்கள் தன்னை முழுக்கத் தோற்கடித்துவிட்டன என்று அவரே பின்னால் எழுதினார். அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடவில்லை. எது ஏற்கெனவே தெரிந்தது, எது புதிது, எது முக்கியம் என்று பிரித்துச் சொல்லி, நிரூபணம் அனுப்பும்படி பதில் போட்டார். பகா எண்களைப் பற்றி ராமானுஜன் சொன்னது தவறு என்றானபோது அதையும் மறைக்கவில்லை. ராமானுஜன் கேம்பிரிட்ஜ் வந்த பிறகு ஹார்டிக்கு வேறு கவலை. முறையான கணிதத்தைப் போட்டுத் திணித்தால் இந்த மனிதரின் தன்னம்பிக்கை உடைந்துபோகுமோ என்று பயந்தார். கற்றுக்கொடுத்ததைவிடத் தான் கற்றதே அதிகம் என்றும் எழுதிவைத்தார். இதனால் ஹார்டியின் மதிப்பு எங்கே குறைந்தது?

பணிவு என்ற பெயரில் பையன் சொல்வதையெல்லாம் "சபாஷ்" என்று விட்டுவிடுவதும் தப்பு. அது அவனுக்குச் செய்கிற துரோகம் என்றே சொல்வேன். நாளைக்கு, "எனக்கு இது புதுசு, ஏன் சரியாக வருகிறது என்று சேர்ந்து பார்ப்போமா?" என்று கேளுங்கள். அப்புறம் 43-ஐ 48-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். அதே வழியில் போனால் 2024 என்பான். சரியான விடை 2064. எங்கே இடித்தது என்று அவனே தேடட்டும்.

43 × 47 என்பதை 40 × 40, 40 × 7, 3 × 40, 3 × 7 என்று பிரித்து எழுதினால் விஷயம் வெளியே வந்துவிடும். நடு இரண்டும் சேர்ந்து 40 × 10. அதை முதலில் உள்ள 40 × 40-உடன் சேர்த்தால் 40 × 50, பையனின் "நாலஞ்சு" அதுதான். கூட ஒரு 21. இரண்டிலும் பத்தாமிட எண் ஒரே எண்ணாக இருந்து, ஒன்றாமிட எண்களின் கூடுதல் 10 ஆனால் மட்டுமே இந்த வழி செல்லும். இதைக் கரும்பலகையில் அவனே எழுதட்டும். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, விளங்காத வரியில் நிறுத்திக் கேளுங்கள். பரீட்சையில் மட்டும் படிகளை விடாமல் எழுதச் சொல்லுங்கள், மார்க் அதற்கும் உண்டு.