மருத்துவக் கருவி ஆய்வுக்கு அரசு நல்கை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஓசூர் சிப்காட் பகுதியில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஷீட் மெட்டல் பட்டறையைப் பதினான்கு ஆண்டுகளாக என் பெயரில் நடத்தி வருகிறேன். அஞ்செட்டிக்கு அருகே வசிக்கும் என் மாமியார், சிறுநீரகம் செயலிழந்து, வீட்டிலேயே வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்கிறார். மார்கழிக் காலையில் மின்சாரம் நின்றுவிட்டால், திரவப் பையை வெதுவெதுப்பாக்க வழியில்லாமல் குளிர்ந்தபடியே ஏற்ற வேண்டியதாகி, அவருக்கு உடம்பெல்லாம் நடுங்குகிறது. பேட்டரியில் இயங்கும் சூடேற்றும் உறை ஒன்றைச் செய்ய எண்ணுகிறேன். சிறு நிறுவனங்களின் ஆய்வுக்கு அமெரிக்க அரசே பணம் தருவதாக அங்கிருக்கும் என் தம்பி சொல்கிறான். அதை நான் பெற முடியுமா? நம் நாட்டில் அப்படி ஏதேனும் உண்டா?
— வாசகர், ஓசூர்

பதில்: தம்பி சொல்வது சரிதான். 1982ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, தமக்கு வெளியே உள்ளவர்கள் செய்யும் ஆய்வுகளுக்கு ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவிடும் அமெரிக்க அரசுத் துறைகள், அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கென்றே ஒதுக்கின. அந்தப் பங்கு 3.2 விழுக்காடு வரை உயர்ந்தது. மருத்துவத்தில் அங்குள்ள தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் இதன் வழியே ஏராளமான கருவிகளுக்குத் தொடக்கப் பணம் தந்திருக்கின்றன. ஆனால் அது அந்நாட்டில் இயங்கும், பாதிக்கு மேல் அந்நாட்டாருக்குச் சொந்தமான, 500 பேருக்கு மிகாமல் பணியாற்றும் நிறுவனங்களுக்கானது. ஓசூர்ப் பட்டறைக்குக் கிடைக்காது.

அதே வழியைப் பின்பற்றி, நம் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2005இல் எஸ்.பி.ஐ.ஆர்.ஐ. என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 2012இல் அத்துறை பைராக் என்ற இலாப நோக்கற்ற நிறுவனத்தை ஏற்படுத்தியது. அதன் ‘பிக்’ நல்கைதான் உங்களைப் போன்றவர்கள் முதலில் பார்க்க வேண்டியது. 50 இலட்சம் ரூபாய் வரை, 18 மாத வேலைக்குத் தரப்படும். அது கடன் அன்று. வழக்கமாக ஆண்டுக்கு இரு முறை, ஜனவரி முதல் நாளும் ஜூலை முதல் நாளும் அழைப்பு வெளியாகும். இதில் உங்களுக்கு ஒரு தடை உண்டு. இந்த நல்கை தனிநபர்களுக்கும், தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன, பெரும்பான்மைப் பங்கு இந்தியரிடம் உள்ள நிறுவனங்களுக்கும் உரியது. பதினான்கு ஆண்டுப் பட்டறையின் பெயரில் விண்ணப்பித்தால் முதல் சல்லடையிலேயே நின்றுவிடும். கருவிக்கென்று தனியே ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்துகொண்டு, பட்டறையை அதன் உற்பத்திக் கூட்டாளியாகக் காட்டுவதே நல்லது. இந்த நல்கையைப் பைராக்கின் சார்பில் நடத்தும் மையங்களுள் ஒன்றான சி-கேம்ப் பெங்களூருவில் இருக்கிறது. சென்னைக்குப் போவதைவிட உங்களுக்கு அது மிக அருகில். விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே அங்கு பேசிவிடுங்கள்.

இனி, பணத்தைவிட முக்கியமான ஒன்று. பல விண்ணப்ப வரைவுகளைப் படித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் தொழில்முனைவோர் பெரும்பாலும் இந்த நல்கையைத் தொழில் மையத்தில் வாங்கும் இயந்திர மானியம் போலக் கருதி, எத்தனை இயந்திரம், எத்தனை சதுர அடிக் கொட்டகை, எவ்வளவு விற்பனை என்று பக்கம் பக்கமாக எழுதிவிடுகிறார்கள். ஆய்வு நல்கை ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காகத் தரப்படுவது. விடை ‘முடியாது’ என்று வந்தாலும், நேர்மையாக அளந்து எழுதியிருந்தால் அது வீண் செலவு ஆகாது. ஆகவே உங்கள் கேள்வியை அளவுகளோடு எழுதுங்கள்.

உங்கள் உறையையே எடுத்துக்கொள்வோம். பை 2 லிட்டர். அஞ்செட்டி மலைக் குளிரில் அது 20 பாகை செல்சியசில் இருக்கிறது என்றும், உடல் வெப்பமான 37 பாகைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால், திரவத்துக்கு மட்டும் சுமார் 143 கிலோ ஜூல், அதாவது 40 வாட்-மணி ஆற்றல் வேண்டும். ஸ்கூட்டரில் இருக்கும் 12 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் முழுதாக இருப்பதே 60 வாட்-மணி; அதையும் அடிவரை இறக்கினால் பேட்டரி கெடும். ஒரு நாளைக்கு நான்கு முறை திரவம் மாற்றுகிறார் என்றால் தேவை 160 வாட்-மணி, வெப்ப இழப்பு தனி. எனவே உங்கள் ஆய்வின் உண்மையான கேள்வி சூடேற்றுவதில் இல்லை; வெப்பம் வெளியேறாமல் காப்பதிலும், எடை குறைந்த, போதிய கொள்ளளவுள்ள பேட்டரியைத் தேர்வதிலும், 37 பாகைக்கு மேல் ஏறாமல் நிறுத்துவதிலும் இருக்கிறது. இந்தக் கணக்கு முதல் பக்கத்தில் இருந்தால், படிப்பவர் உங்களைத் தொழில் தெரிந்தவர் என்று உடனே கண்டுகொள்வார்.

உலர்ந்த வெப்பத்தையே பயன்படுத்துவதையும் வலியுறுத்தி எழுதுங்கள். பையை வெந்நீரில் மூழ்க வைத்தால் குழாய் முனையில் ஈரம் தங்கி, வயிற்றறையில் தொற்று ஏற்பட இடமுண்டு. மைக்ரோவேவ் அடுப்போ ஓரிடத்தில் கொதிக்கவும் ஓரிடத்தில் குளிரவும் விடும். மேலும், வீட்டிலேயே டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பை கிடைக்கச் செய்யும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 5-8-2021 அன்று உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அதன் களப்பணியாளர்களுக்கு எந்த வீட்டில் எப்போது மின்சாரம் போகிறது, பையை எங்கே வைக்கிறார்கள், யார் தூக்கிக் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். பத்து வீடுகளுக்கு அவர்களோடு போய்வந்து எழுதிய இரண்டு பக்கங்களுக்கு ஈடான சந்தை அறிக்கை கிடையாது.

கேள்வி: தருமபுரியில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். சிறுநீரில் உள்ள ஃபுளோரைடைக் குறைந்த செலவில் கண்டறியும் தாள் ஒன்றைப் பற்றி எனக்கு யோசனை இருக்கிறது. நிறுவனம் ஏதும் இல்லாத நான் விண்ணப்பிக்கலாமா? யோசனையை எழுதிக் கொடுத்தால் அது போய்விடாதா?
— வாசகி, தருமபுரி

பதில்: நம் மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை அரிது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் என்பது இந்தியத் தர வரம்பு. அதை மீறிய கிணற்று நீரைக் குடித்த தலைமுறையின் கறை படிந்த பற்களையும் வளைந்த கால்களையும் நாம் பார்த்திருக்கிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற பெயரையும் சேர்த்துத்தான் வந்தது.

நிறுவனம் இல்லாமலும் தொடங்கலாம். ‘நிதி பிரயாஸ்’ என்னும் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறைத் திட்டம், மாதிரிக் கருவி செய்ய 10 இலட்சம் ரூபாய் வரை தனி ஆளுக்கே தருகிறது. புதிய தொழில்முயற்சிகளைத் தொடக்கத்தில் வளர்த்துவிடும் இன்குபேஷன் மையம் ஒன்றின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். யோசனையைக் காப்பது பற்றி: வெளியே சொல்வதற்கு முன் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் ஒன்றைப் பதிவு செய்யுங்கள். தனிநபர் இணையவழியில் பதிய 1,600 ரூபாய்க் கட்டணம். அதன்பின் முழு விவரத்தைத் தாக்கல் செய்ய 12 மாத காலம் கிடைக்கும். நீங்கள் வேலை செய்யும் கூடத்தின் நேரத்தையும் வேதிப் பொருள்களையும் பயன்படுத்தியிருந்தால், உரிமையாளரிடம் முதலிலேயே எழுத்தில் பேசி முடித்துவிடுங்கள். பின்னால் வரும் மனக்கசப்புகளில் பெரும்பாலானவை இங்கேதான் முளைக்கின்றன.

கேள்வி: பாலக்கோட்டில் நான் செய்த மாதிரிக் கருவியைத் தன் நோயாளிகளுக்குப் போட்டுப் பார்க்க, தெரிந்த மருத்துவர் ஒருவர் தயாராக இருக்கிறார். செய்யலாமா?
— வாசகர், பாலக்கோடு

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 2018 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள மருத்துவக் கருவி விதிகள், கருவிகளை ஆபத்தின் அளவைக் கொண்டு ஏ, பி, சி, டி என நான்கு வகையாகப் பிரிக்கின்றன. சோதனைக்காகச் சிறு எண்ணிக்கையில் செய்வதற்கே எம்.டி.-13 என்னும் தனி உரிமம் உண்டு. மனிதர் மேல் சோதிக்க, பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், நோயாளிக்குப் புரியும் தமிழில் எழுதிய ஒப்புதல் படிவமும் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் பேராசிரியரை ஆய்வுப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டால் அக்கல்லூரியின் நெறிமுறைக் குழு வழியாகவே போகலாம். உங்கள் மருத்துவர் அதுவரை கருவியைத் தன் மேசையில் வைத்து, கையுறை போட்ட கையோடு அதைத் திறக்கவும் துடைக்கவும் முடிகிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். அதற்கு எந்த உரிமமும் தேவையில்லை.