ஒரு மருந்து உடம்புக்குள் என்ன செய்யும் என்று கொம்பியூட்டர் கணிப்பதை நம்பலாமா?

நம்பலாம். எந்த எண்களைக் கொடுத்துக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் திருகோணமலையில் ஒரு பார்மசியில் மருந்தாளர். பெரிய மென்பொருட்கள் என் கையில் இல்லை; அவற்றின் சின்னத் தம்பி ஒன்றைத்தான் அன்றாடம் பாவிக்கிறேன்.

1937இல் சுவீடனைச் சேர்ந்த தியோரெல் உடலை அறை அறையாகப் பிரித்து, மருந்து எதற்குள் எவ்வளவு போகும், எப்போது வெளியேறும் என்று சமன்பாடு எழுதினார். இன்றைய கொம்பியூட்டர் மாதிரிகளுக்கும் அடித்தளம் அதுதான். ஈரல், சிறுநீரகம், கொழுப்பு எல்லாம் தனித்தனி அறைகள், நடுவில் இரத்த ஓட்டம். மருந்துகளைச் சிதைக்கும் ஈரல் நொதியை ஒரு மருந்து முடக்கினால் கூடவே எடுக்கும் இன்னொன்று இரத்தத்தில் எவ்வளவு ஏறும் என்ற கேள்விக்கு இவை நன்றாகவே விடை சொல்கின்றன. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் என்று வந்தால் தரவு குறைவு, என் நம்பிக்கையும் குறைவு.

சரி, அந்தத் தம்பி யார்? 1976இல் வந்த கொக்ரொஃப்ட்-கோல்ட் சூத்திரம். 140இல் வயதைக் கழித்து எடையால் பெருக்குங்கள். இரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் (தசையிலிருந்து வரும் கழிவு) அளவை 72ஆல் பெருக்கி, அதால் வகுங்கள். பெண்ணென்றால் 0.85ஆல் பெருக்குங்கள். சிறுநீரகம் எவ்வளவு வேகமாக இரத்தத்தைச் சுத்திகரிக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

எங்கள் அம்மம்மாவுக்கு 78 வயது, உவர்மலையில் இருக்கிறார். இதயத்துக்கு டிகொக்சின் குளிசை எடுத்தார். திடீரென்று சோறு இறங்கவில்லை, ஓங்காளம் வேறு. வெயில்தான் காரணம் என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். கிளினிக் கொப்பியில் எடை 60 கிலோ, கிரியேட்டினின் 1.1. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 40 மில்லிலீற்றர். பரவாயில்லையே என்று இருந்தது. ஆனால் அந்த 60 பழைய எடை, யாரோ நிறுக்காமலே வருடா வருடம் முந்தைய பக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆட்டோவில் கூட்டிவந்து பார்மசித் தராசில் ஏற்றினேன்: 42 கிலோ. விடை 28 ஆனது. டிகொக்சின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் நன்றாக இருந்தாலே பாதி குறைய ஒன்றரை, இரண்டு நாள் எடுக்கும். இவருக்கு இன்னும் இழுக்கும்; தினமும் விழுங்கியது உள்ளேயே சேர்ந்திருக்கிறது.

சூத்திரத்தில் பிழையில்லை. அதற்கு நாங்கள் கொடுத்தது வேறு யாரோ ஒரு அம்மம்மாவை.

அன்றே டொக்டரிடம் காட்டினோம். சில நாள் நிறுத்திவிட்டு, பிறகு அரைக் குளிசையாகத் தொடரச் சொன்னார். இப்போது சோறு இறங்குகிறது. அம்மம்மாவின் ஒரே கவலை, உடைத்த மற்றப் பாதியை எந்த டப்பாவில் வைப்பது என்பதுதான்.