ஊழியருக்குப் பரிவு வருவது எப்படி? சில கேள்விகள், என் பதில்கள்

மருத்துவமனை வரவேற்புப் பிரிவு மேற்பார்வையாளர்: "நோயாளிகளிடம் கனிவாகப் பேசுங்கள்" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன். இரண்டு நாள்தான் தாங்குகிறது. என்ன செய்யலாம்?

பேச்சைக் குறைத்துவிட்டு ஊழியரை நோயாளியின் நாற்காலியில் உட்காரவையுங்கள். நான் நடத்திய ஒரு பயிற்சியில், பதிவுப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்த பெண்மணிக்கு, கை தடுமாறிப் பார்வை மங்கிய நோயாளியின் நிலை தெரிய, தடித்த கையுறையும் வாசலின் தடவிய மூக்குக்கண்ணாடியும் கொடுத்தோம். தினமும் அவரே பிறரிடம் நீட்டும் படிவத்தை நிரப்பச் சொன்னோம். பேனா இரண்டு முறை நழுவியது. பிறந்த தேதிக்கான கட்டத்தைத் தேடித் தாளை மூக்கருகே கொண்டுபோனார். பின்னால் நின்றவர் "சீக்கிரம்" என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. அந்தப் படிவத்தில் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று மறுநாள் முதலில் கேட்டவர் அவர்தான்.

இந்த வழி பழையது. அமெரிக்க வடிவமைப்பாளர் பேட்ரிசியா மூர் 1979-இல், தமது 26-ஆவது வயதில், பார்வையை மங்கச் செய்யும் கண்ணாடியும் காதடைப்பும் அணிந்து மூதாட்டி வேடத்தில் புறப்பட்டார். மூன்றாண்டுகளில் அமெரிக்காவிலும் கனடாவிலும் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு அப்படியே போய்வந்தார்.

வங்கிக் கிளை மேலாளர்: இப்படி நடித்துப் பார்த்தாலே போதுமா?

போதாது. பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் கண்ணைக் கட்டிக்கொண்டவருக்குத் தடுமாற்றம் தெரியும். பார்வையின்றியே பல ஆண்டு வாழ்ந்தவரின் திறமை தெரியாது. 2018-இல் இயால், ஸ்டெஃபல், எப்லி என்ற ஆய்வாளர்கள் 25 சோதனைகளின் முடிவை வெளியிட்டார்கள். மற்றவர் இடத்தில் தன்னை வைத்துக் கற்பனை செய்வதால் அவர் மனம் சரியாகப் பிடிபடவில்லை. அவரிடமே பேசியபோதுதான் பிடிபட்டது. ஆகவே பயிற்சி முடிந்த கையோடு, நான்கைந்து வாடிக்கையாளரிடம் ஊழியரே பேசட்டும். "திருப்திதானே?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். "கடைசியாக இங்கே வந்த நாளில் என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் இருக்க வேண்டும்.

பயிற்சியாளர் ஒருவர்: ஊழியரை வரையச் சொல்லும் வாடிக்கையாளர் பயண வரைபடம், சேவை வரைபடம் இரண்டும் ஒன்றா?

இல்லை. முதலாவது, வாடிக்கையாளர் வந்தது முதல் வேலை முடிந்து போவது வரை படும் பாட்டைப் படிப்படியாகக் காட்டும். இரண்டாவது, அவர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நடக்கும் வேலைகளையும் சேர்த்துக் காட்டும்; 1984-இல் லின் ஷோஸ்டாக் எழுதிய கட்டுரையால் பரவிய முறை அது. புதியவர்கள் முதலாவதில் தொடங்கலாம்.

அழைப்பு மைய ஊழியர்: நாள் முழுக்கத் திட்டு வாங்குகிறேன். இன்னும் பரிவு காட்டு என்றால் எங்கே போவேன்?

உங்கள் கேள்விக்குத்தான் நான் முதலில் பதில் சொல்லியிருக்க வேண்டும். சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-இல் எழுதினார்: சம்பளத்துக்காக உணர்ச்சியை அடக்கிச் சிரிப்பதும் உழைப்புதான். அதுவும் ஆளைத் தேய்க்கும். பணம் திரும்ப வரவில்லை என்று அழுகிறவரிடம் "புரிகிறது" என்று சொல்ல உங்களுக்கு அனுமதி உண்டு. திருப்பித் தர அதிகாரம் இல்லை. இது உங்கள் மனதின் குறை அல்ல, வேலையை அப்படி அமைத்தவர்களின் குறை. ஒரு வாரம் ஒவ்வொரு கோப அழைப்பையும் குறித்துவையுங்கள்: எதற்குக் கோபம், உங்களால் எது முடியவில்லை, யாருடைய ஒப்புதலுக்காகக் காத்திருந்தீர்கள். அந்தத் தாளோடு மேலாளரிடம் போங்கள். அவரும் அரை நாள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அழைப்புகளைக் கேட்கட்டும்.