பட்டறைப் பக்கம்: வீட்டு சிஎன்சிக்கு எந்த மென்பொருள்?

கொக்குவில் வாசகர்: ஐயா, வளவுக்குள் கொட்டில் போட்டு ஒரு 6040 ரவுட்டர் மெசின், கணினி சொல்லும் பாதையில் கட்டர் ஓடும் சிஎன்சி, வைத்திருக்கிறேன். கதவுப் பலகைக்குப் பூ வேலை செய்து விற்கிறேன். இடைக்கிடை அலுமினியத் தகடும் வெட்ட வேண்டி வருகிறது. ஒருவர் மாஸ்ரர்காம் படி என்கிறார். இன்னொருவர் ஃபியூஷன் இலவசம்தானே என்கிறார். எதில் தொடங்குவது?

மென்பொருளின் பெயரைக் கேட்க முன்னர், மோட்டர்களை ஓட்டும் கொன்ட்ரோலர் பெட்டியின் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே உள்ளங்கையளவு ஆர்டுயினோ பலகை இருந்து, அதிலிருந்து யூஎஸ்பி வயர் வந்தால், அந்தப் பலகைக்குள்ளேயே இருந்து மெசினை ஓட்டும் மென்பொருள் பெரும்பாலும் ஜிஆர்பிஎல். பழைய பிரிண்டர் வயரைப் போல 25 ஊசிச் சொருகி இருந்தால், கணினியிலிருந்து மெசினை ஓட்டும் மாக்3க்கோ லினக்ஸ்சிஎன்சிக்கோ உரியது. 6040 என்ற ஒரே பெயரில் இரண்டு வகையும் விற்கிறார்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், மாஸ்ரர்காம், ஃபியூஷன் போன்ற காம் மென்பொருள் கீறும் வெட்டுப்பாதை எல்லா மெசினுக்கும் பொது. அதை உங்கள் கொன்ட்ரோலருக்கு விளங்கும் ஜி-கோட்டாக, அதாவது ஜி81, எம்6 போன்ற கட்டளை வரிகளாக, எழுதித் தருவது போஸ்ட் புரொசெசர் என்ற சிறு கோப்பு. ஜிஆர்பிஎல்லுக்கு ஜி81, ஜி83 என்ற துளைச் சுற்றுகள் தெரியாது. கட்டரின் ஆரத்தைத் தானே கழிக்கும் ஜி41, ஜி42 தெரியாது. கட்டர் மாற்றும் எம்6 உம் தெரியாது. மாக்3க்கு எழுதிய கோப்பைக் கொடுத்தால் ஜி81 வரும் வரியில் 'பிழை 20' என்று சொல்லும். அனுப்பும் மென்பொருளில் 'பிழையைப் பொருட்படுத்தாதே' என்று யாராவது தெரிவுசெய்து விட்டிருந்தால், அந்த வரியைத் தாண்டி ஓடிவிடும். துளையே இல்லாத தகடு கையில் வரும்.

இனி உங்கள் இரண்டு நண்பர்களுக்கும் பதில். மாஸ்ரர்காம் தொழிற்சாலைக்குரியது. வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் படியுங்கள், கொட்டிலுக்குத் தேவையில்லை. ஃபியூஷன் நல்ல மென்பொருள்தான், ஆனால் 2020 இன் கடைசியில் அதன் தனிப்பட்ட பாவனை உரிமத்தில் கத்தரி விழுந்தது. ஒரு கோப்பில் ஒரு கட்டர் மட்டும். ஒரே நேரத்தில் திருத்தக்கூடியவை 10 வரைபடங்கள். வெட்டாமல் இடம்மாறும் ஜி0 வேகநகர்வு வெட்டும் வேகத்துக்கு இறக்கப்படும். அலுமினியத்தில் நிமிடத்துக்கு 360 மி.மீ. வேகத்தில் வெட்டுகிறீர்கள் என்றால், 2000 இல் 9 செக்கனில் போகவேண்டிய 300 மி.மீ. வெற்று ஓட்டம் 50 செக்கன் எடுக்கும். கட்டரைக் கையால் மாற்றும் உங்களுக்கு ஒரு கோப்பு ஒரு கட்டர் என்பது பெரிய இழப்பல்ல. உண்மையான தடை வேறு: அந்த உரிமம் வியாபாரமல்லாத வேலைக்கு, வருட வருமானம் 1000 அமெரிக்க டொலருக்குக் கீழே இருப்பவர்களுக்கு. கதவு செய்து விற்பவருக்குப் பொருந்தாது.

ஆகவே தகட்டு வேலைக்கு ஃபிரீகாட். 2024 நவம்பரில் 1.0 பதிப்பு வந்தது; விற்பனை வேலைக்கும் இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். முதற் பயிற்சியாக இதைச் செய்யுங்கள்: 100 × 60 மி.மீ. அளவில், 6 மி.மீ. தடிப்பில் தகடு, மூலைக்கொன்றாக 5.5 மி.மீ. துளை, நடுவில் 3 மி.மீ. ஆழத்தில் ஒரு பள்ளம். வரைந்ததும் காம் பகுதிக்கு மாறி ஒரு ஜொப் உருவாக்குங்கள். அதன் வெளியீட்டுப் பக்கத்தில் உங்கள் பெட்டி ஜிஆர்பிஎல் என்றால், போஸ்ட் புரொசெசராக ஜிஆர்பிஎல்லைத் தெரிவுசெய்ய மறக்கவேண்டாம். பலர் தவறவிடும் இடம் இது. ஒற்றைப் பல் 4 மி.மீ. கட்டர் ஒன்றை மட்டும் சேருங்கள். துளைகளுக்கு டிரில்லிங் வேண்டாம், ஹெலிக்ஸ் போடுங்கள்: அதே கட்டர் சுருளாக இறங்கி 5.5 ஐ வெட்டும், ஜி81 தொல்லையும் இல்லை. பிறகு பள்ளம், கடைசியாக வெளிவிளிம்பு. வெளிவிளிம்புக்கு 6 மி.மீ. அகலம், 1 மி.மீ. உயரத்தில் நான்கு பிடிப்புத் துண்டுகள் விடாவிட்டால், கடைசிச் சுற்றில் தகடு கழன்று கட்டரை முறிக்கும்.

வேகம்: நிமிடத்துக்கு 12000 சுற்று, ஒரு பல், பல்லுக்கு 0.03 மி.மீ. சீவல். பெருக்கினால் நிமிடத்துக்கு 360 மி.மீ. ஒவ்வொரு இறக்கமும் 0.5 மி.மீ. பயத்தில் 100 ஆகக் குறைத்தால் சீவல் 0.008 ஆகிவிடும். அப்போது பல் வெட்டாது, தேய்க்கும். சூடேறி அலுமினியம் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும், கட்டர் முறியும். மெதுவாகப் போனால் பாதுகாப்பு என்பது இந்த உலோகத்தில் செல்லாது. முதல் ஓட்டத்தை, இசட் பூச்சியத்தை (உயரத்தின் தொடக்கப் புள்ளியை) 20 மி.மீ. மேலே வைத்து வெறுங்காற்றில் ஓடவிட்டுப் பாருங்கள்.

பூ வேலைக்கு ஃபிரீகாட்டை எடுக்கவேண்டாம். அங்கே வெக்ரிக் நிறுவனத்தின் விகார்வ் சுகம். அதன் டெஸ்க்ரொப் பதிப்பு 25 அங்குலம், அதாவது 635 மி.மீ. வரை வெட்டும், உங்கள் 600 மி.மீ. மேசைக்குப் போதும். மாதவாடகை இல்லை, ஒருமுறை வாங்குவது. புடைப்புருவத்தை நீங்களே வடிவமைக்கவேண்டும் என்றால்தான் விலைகூடிய அஸ்பயர். வாங்க முன்னர் சோதனைப் பதிப்பை இறக்குங்கள். உங்கள் சொந்த வேலைக்குக் கோட் எடுத்துத் தராது, ஆனால் அவர்கள் தரும் மாதிரி வேலைகளை வெட்டிப் பார்க்கலாம். போஸ்ட் புரொசெசர் உங்கள் பெட்டிக்குப் பொருந்துகிறதா என்று அறிய அதுவே போதும்.

மானிப்பாய் வாசகர்: பெயர்ப்பலகை செதுக்குகிறோம். தமிழில் 'கோவில்' என்று அடித்தால் கொம்பும் காலும் இடம்மாறி வருகின்றன. எந்த மென்பொருள் தமிழைச் சரியாகக் காட்டும்?

செதுக்கும் மென்பொருளில் தமிழை அடிக்கவே வேண்டாம். யூனிகோட்டில் 'கோ' என்பது ககரமும் அதன் பின்னால் ஓகாரக் குறியும். அதை முன்னால் கொம்பாகவும் பின்னால் காலாகவும் பிரித்துக் காட்டும் வேலையைப் பல காம் மென்பொருள்கள் செய்வதில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கொம்பு தனி, கால் தனி என்று நாமே கண்ணால் பார்த்து அடிப்பதால் அது தப்பிவிடும். நம்மூர்ப் பலகைக் கடைகள் இன்னும் பாமினியை விடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்க்ஸ்கேப் இலவசம், யூனிகோட் தமிழை ஒழுங்காகக் காட்டும். அதில் அடித்து, எழுத்தைப் பாதையாக மாற்றுங்கள். பிறகு குழுவைப் பிரித்து எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும் யூனியன் கட்டளையைக் கொடுங்கள். இந்த இரண்டாவது படியை விட்டால், ஒரு எழுத்தின் கோடு இன்னொன்றின்மேல் ஏறும் இடத்தில் வி-கட்டர் உள்ளே ஒரு குறுக்குக் கீறல் போட்டுவிடும். எஸ்விஜி ஆகச் சேமிக்க முன்னர் ஆவணத்தின் அலகு மி.மீ. தானா என்று பாருங்கள். 0.92 க்கு முந்திய பதிப்புகள் அங்குலத்துக்கு 90 புள்ளி, பின்னையவை 96. இரண்டும் கலந்தால் 300 மி.மீ. பலகை 320 ஆகவோ 281 ஆகவோ வரும். இந்த இரண்டு எண்களில் ஒன்றைக் கண்டால் மெசினைத் திட்டவேண்டாம்.

கோப்பாய் வாசகர்: மாக்3 இல் சின்ன வளைவெல்லாம் திரையில் பென்னம்பெரிய வட்டமாகத் தெரிகிறது. கோட்டும் 500 வரியோடு நின்றுவிடுகிறது.

வட்டத்துக்கு: பொது அமைப்பில் ஐஜே முறை என்பதை மற்றதற்கு மாற்றுங்கள். வளைவின் மையத்தை உங்கள் கோப்பு தொடக்கப் புள்ளியிலிருந்து சொல்கிறது, மாக்3 பூச்சியத்திலிருந்து அளக்கிறது. 500 வரி பிழையல்ல. உரிமம் வாங்காத பதிப்பின் எல்லை.

சுன்னாகம் வாசகர்: பழைய லேத் ஒன்றுக்கு ஸ்டெப்பர் மோட்டர் பூட்டி ஜிஆர்பிஎல்லில் ஓட்டுகிறோம். கடைசல் சரியாக வருகிறது. மரை வெட்டினால் இரண்டாவது சுற்றில் கத்தி வேறு இடத்தில் விழுகிறது. மென்பொருளை மாற்றவேண்டுமா?

ஆம், ஆனால் கோட் எழுதும் மென்பொருளை அல்ல, ஓட்டும் மென்பொருளை. மரைக்குக் கத்தி ஒவ்வொரு முறையும், வேலைத்துண்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் அதே கோணத்தில் நுழையவேண்டும். ஸ்பிண்டில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஜிஆர்பிஎல்லுக்குத் தெரியாது. லினக்ஸ்சிஎன்சி இலவசம்; ஸ்பிண்டிலோடு சேர்ந்து நகரும் ஜி33 உம், மரைச் சுற்று ஜி76 உம் அதில் உண்டு. சுழற்சியை அளந்து, சுற்றுக்கு ஒரு குறித்துடிப்பும் தரும் என்கோடர் ஒன்று ஸ்பிண்டிலில் வேண்டும். பெல்ற்றில் பூட்டினால் பல் பெல்ற், 1:1 விகிதம். வழுக்கும் பெல்ற்றில் பூட்டினால் பழைய கதைதான்.

கொம்பியூட்டர் வாங்க முன்னர் அதில் லினக்ஸ்சிஎன்சியின் லேட்டன்சி (தாமத) சோதனையை ஓடவிட்டு, பத்து நிமிடம் சன்னல்களைத் திறந்து மூடி, பெரிய கோப்புகளைப் பிரதி எடுத்து அதைத் தொல்லைப்படுத்துங்கள். 20000 நனோசெக்கனுக்குக் கீழே நின்றால் பிரிண்டர் போர்ட்டால் நேரடியாக மோட்டரை ஓட்டலாம். 30000 இலிருந்து 50000 வரை என்றால் வேகம் குறையும். ஒரு லட்சத்தைத் தாண்டினால் அந்தப் பெட்டி உதவாது. மடிக்கணினி பெரும்பாலும் தோற்கும்.

எம்10 × 1.5 மரைக்கு ஆழம் 0.92 மி.மீ. ஜி76 இல் அதை கே என்ற இடத்தில் கொடுப்பீர்கள். ஆரக் கணக்கான ஜி8 இல் இருந்தால் 0.92, விட்டக் கணக்கான ஜி7 இல் இருந்தால் 1.84. இதை மாற்றிப் போட்டால் நட் ஏறவே ஏறாது, அல்லது ஏறியும் கடகடவென்று ஆடும்.

இணுவில் வாசகர்: எந்த மென்பொருளில் எழுதினாலும் அளவு கொஞ்சம் பிசகுகிறது.

20 மி.மீ. சதுரம் ஒன்றும் 80 மி.மீ. சதுரம் ஒன்றும் வெட்டி, வெளிப்பக்கத்தை வேர்னியரால் அளவுங்கள். இரண்டிலும் 0.1 கூடினால் கட்டரின் விட்டம்: 6 என்று விற்றது 5.9 ஆக இருக்கும். மென்பொருளில் 5.9 என்று திருத்துங்கள். பெரியதில் பிழை நான்கு மடங்கானால், ஒரு மில்லிமீற்றருக்கு மோட்டர் வைக்கும் அடி (ஸ்டெப்) எண்ணிக்கை தவறு. சுற்றுக்கு 200 அடி வைக்கும் மோட்டர், ஒவ்வொரு அடிக்கும் 8 நுண்ணடி, சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் புரி: 1600 ஐ 5 ஆல் பிரித்தால் 320. ஜிஆர்பிஎல்லில் $100, $101, $102 இல் இருப்பது இந்த எண்தான்.

சாவகச்சேரி வாசகர்: வேலை நடுவில் கரண்ட் போனால் பலகையை எறியத்தான் வேண்டுமா?

பூச்சியத்தை எதில் வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜிஆர்பிஎல் மெசினில் ஜி92 இல் வைத்திருந்தால் கரண்டோடு போய்விடும். ஜி10 எல்20 பி1 என்று வைத்தால் ஜி54 ஆகக் கொன்ட்ரோலரின் நினைவில் தங்கும். ஆனால் மெசினில், அதன் மூலை எங்கே என்று தொட்டு அறியும் ஹோமிங் சுவிச் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் தங்கிய எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

கரண்ட் வந்ததும் பலகையைப் பிடியிலிருந்து கழற்றாமல், கட்டரை மேலே தூக்கி, $எச் கொடுத்து ஹோம் செய்யுங்கள். நின்ற வரியிலிருந்தே தொடங்கவேண்டாம். அதற்கு முன் கட்டர் பாதுகாப்பான உயரத்துக்கு எழுந்த வரியைத் தேடுங்கள். அதற்கு மேலே ஜி21 (மி.மீ. அலகு), ஜி90 (பூச்சியத்திலிருந்து அளக்கும் முறை), ஜி54, கட்டரைச் சுழலவிடும் எம்3 உடன் சுற்று வேகம் ஆகியவற்றை மீண்டும் எழுதுங்கள். கோட்டை மெசினுக்கு அனுப்பும் ஜிசென்டர் மென்பொருளில் குறித்த வரியிலிருந்து தொடங்கும் வசதி இருக்கிறது, ஆனாலும் அது போட்டுத்தரும் முன்வரிகளை ஒருமுறை வாசியுங்கள். எம்3 க்குப் பின் ஜி4 பி5 போட்டு, ஸ்பிண்டில் முழு வேகத்துக்கு வர 5 செக்கன் கொடுங்கள்; நின்றிருக்கும் கட்டர் பலகைக்குள் இறங்கினால் மிச்சப் பூவும் போச்சு.