சாக்ஸ் போடக் கற்றுக்கொடுத்தவர்

அன்புள்ள ஐயா,

ஆறு மாதங்களுக்கு முன் ஒரு சரக்குக் கிடங்கில் பதினான்கு பேருக்கு மேற்பார்வையாளனாகப் பொறுப்பேற்றேன். நிறுவனம் என்னை ஒரு பயிலரங்குக்கு அனுப்பியது. புகழ்பெற்ற விளையாட்டுப் பயிற்சியாளர்களின் பொன்மொழிகளைத் திரையில் காட்டினார்கள். மறுநாள் என் ஆட்களை வரிசையாக நிற்கவைத்து நானும் உணர்ச்சிகரமாகப் பேசினேன். கைதட்டினார்கள். அன்று மாலையே மூன்று பெட்டிகள் முகவரி மாறிப் போயின. பாராட்டியும் பார்த்தேன், கண்டித்தும் பார்த்தேன். பயிற்சியாளர்களிடமிருந்து எங்களைப் போன்றவர்கள் கற்றுக்கொள்ள உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நிறைய இருக்கிறது. பயிலரங்கில் அதைக் காட்டாமல் விட்டுவிட்டார்களே என்றுதான் வருந்துகிறேன்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஜான் வுடன் என்றொரு பயிற்சியாளர் இருந்தார். லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணிக்கு 1948இல் வந்தார். முதல் தேசியப் பட்டம் 1964இல்தான் கிடைத்தது. அதன் பிறகு 1975க்குள் மொத்தம் பத்துப் பட்டங்கள். அவற்றில் ஏழு, 1967 முதல் தொடர்ச்சியாக. பத்தைச் சொல்பவர்கள் அதற்கு முந்தைய பதினாறு ஆண்டுகளைச் சொல்வதில்லை. நீங்கள் பொறுப்பேற்று ஆறு மாதம்தான் ஆகிறது.

போட்டிப் பருவத்தின் முதல் நாள், நாடெங்கிலுமிருந்து தேர்வாகி வந்த இளைஞர்களை உட்காரவைத்து அவர் கற்றுக்கொடுத்தது சாக்ஸ் போடுவதை. சுண்டுவிரல் பக்கமும் குதிகாலிலும் கையால் தடவிப் பார்த்து, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இழுத்துவிட வேண்டும். ஷூவுக்குள் கால் நுழையும்வரை சாக்ஸின் விளிம்பைப் பிடித்திருக்க வேண்டும். லேஸை ஒவ்வொரு துளையாக இறுக்கி இரட்டை முடிச்சுப் போட வேண்டும். சுருக்கம் இருந்தால் தோல் உராய்ந்து கொப்புளம் வரும். கொப்புளம் வந்தவன் பயிற்சியைத் தவறவிடுவான். பட்டம் வென்ற பிறகும் ஆண்டுதோறும் இதே பாடம்தான். எனக்கு அவருடைய பட்டங்களைவிட இந்தக் காட்சிதான் பெரிதாகத் தெரிகிறது.

1974–75 பருவத்தில் ரோலண்ட் தார்ப், ரொனால்ட் காலிமோர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பயிற்சிக் கூடத்தில் உட்கார்ந்து கற்பிக்கும்போது வுடன் சொன்னதையும் செய்ததையும் ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். பதிவானவை 2,326. அவற்றில் பாராட்டு சுமார் 7 சதவீதம், அதிருப்தியும் ஏறக்குறைய அதே அளவு. முக்கால் பங்கு, எதை எப்படிச் செய்ய வேண்டும் என்ற விவரம் மட்டுமே. ஒருவன் தவறினால் சரியான முறையைச் செய்து காட்டுவார்; அவன் செய்த விதத்தைக் காட்டுவார்; மறுபடியும் சரியானதைக் காட்டுவார். சில விநாடிகளில் முடிந்துவிடும், ஆட்டம் தொடரும்.

நான் இளவயதில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கப் பழகினேன். எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் 'கவனமாகப் பார்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. நான் ஒற்றெழுத்தைத் தவறவிட்ட இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் 'இங்கே க் வரும், இரண்டாம் வேற்றுமை' என்று எழுதித் தருவார். இன்று எனக்குத் தெரிந்த இலக்கணத்தில் பாதி அந்த ஓரங்களில் படித்தது.

பயிலரங்கில் பேட்மிண்டன் வீராங்கனை பி.வி. சிந்துவின் கைபேசிக் கதையையும் சொல்லியிருப்பார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன் மூன்று மாதம் கைபேசி கிடையாது. அங்கே போன பிறகு அவருக்குப் பிடித்த இனிப்புத் தயிரும் ஐஸ்கிரீமும் கிடையாது. பயிற்சியாளர் புல்லேலா கோபிசந்தே இதைச் சொன்னார். வெள்ளிப் பதக்கம் கிடைத்ததும் முதல் வேலையாகக் கைபேசியைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். ஆனால் கோபிசந்த் 2001இல் ஆல் இங்கிலாந்து பேட்மிண்டன் பட்டம் வென்றவர்; அகாதெமி கட்டத் தன் வீட்டையே அடமானம் வைத்தவர். அந்தக் கண்டிப்பை நாம் எடுத்து அப்படியே பயன்படுத்த முடியாது. உங்கள் ஆட்கள் மாதச் சம்பளத்துக்கு வருகிறவர்கள், பதக்கத்துக்காகத் தங்களை ஒப்படைத்தவர்கள் அல்லர். கைபேசியைப் பிடுங்கி வைக்காதீர்கள்.

திங்கட்கிழமை மேடைப் பேச்சு வேண்டாம். முகவரி மாறிப்போகும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். முகவரிச் சீட்டை எப்போது எடுக்கிறார்கள், பெட்டியை மூடும் முன்பா, மூடிய பிறகா? அடுத்தடுத்த இரண்டு சீட்டுகள் ஒரே கையில் சேர்கின்றனவா? எந்த இடத்தில் மாறுகிறது என்று தெரிந்ததும், ஒரு பெட்டியை எடுத்து நீங்களே ஒட்டிக் காட்டுங்கள். அதற்கு முன் அந்த வேலையை நீங்கள் நன்றாகப் பழகியிருக்க வேண்டும், அதையும் மறக்காதீர்கள்.

அங்கே என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்.