ஐஎன்டிபி என்று வந்தால் வேலையை மாற்ற வேண்டுமா?

மையர்ஸ்-பிரிக்ஸ் என்ற குணவகை டெஸ்டில் ஐஎன்டிபி (INTP, ஒதுங்கியிருந்து அலசி யோசிக்கும் வகை) வந்திருக்கிறது, தொடங்கிய வேலை முடிவதில்லை, மீட்டிங்கில் வாய் திறப்பதில்லை, வேறு வேலைக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நாலு எழுத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். மையர்ஸ்-பிரிக்ஸ் முறை, உள்முகமா வெளிமுகமா என்பது போன்ற ஒவ்வோர் அளவுகோலையும் நடுவில் வெட்டி இரண்டாக்கி, பக்கத்துக்கு ஓர் எழுத்து தருகிறது. பெரும்பாலோர் நடுவை ஒட்டியே இருப்பதால், சில வாரம் கழித்து மறுபடி டெஸ்ட் எழுதினால் பலருக்கு ஓர் எழுத்தாவது மாறிவிடும்.

ஆனால் உங்கள் சிக்கல் நிஜம்தான். உங்களை இழுப்பது புதிர். விடை கிடைத்ததும் மிஞ்சுவது டெஸ்டிங், டாக்குமென்ட், மெயில். வேலை அங்கேதான் நிற்கிறது. அதனால் தொடங்கும் முன்பே "எது நடந்தால் முடிந்தது" என்று ஒரே வரியில் எழுதி மேலாளருக்கு அனுப்புங்கள். அரைகுறை வரைவைக் காட்ட ஒரு தேதியும் சொல்லிவிடுங்கள். நமக்கு நாமே வைக்கும் கெடு எளிதில் நழுவும். இன்னொருவர் காத்திருந்தால் அவ்வளவு நழுவாது.

மீட்டிங்குக்கு முந்தின நாளே அஜெண்டாவைக் கேட்டு வாங்கி, இரண்டு குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடத்தில் ஒன்றைப் பேசிவிடுங்கள். தள்ளிப்போட்டால் வேறொருவர் சொல்லிவிடுவார். "நான் இன்ட்ரோவர்ட்" என்று மேலாளரிடம் சொல்வதில் பயனில்லை. "அஜெண்டா முந்தின நாளே வேண்டும்" என்று கேளுங்கள், அதை அவரால் செய்ய முடியும்.